அப்பாவின் வலது கால்!

கோடை விடுமுறையில் தமிழ்க் குடும்பங்கள் மூன்று ரகம். சொந்த ஊருக்குப் போய் மாமா வீட்டு ஃபேனைப் பங்கு போட்டுக்கொள்வது முதல் ரகம். வீட்டிலேயே ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு 'கரன்ட் எப்ப வரும்' என்று காத்திருப்பது இரண்டாவது ரகம். பக்கத்து வீட்டில் ஸ்வெட்டர் கடன் வாங்கிக்கொண்டு கொடைக்கானல், ஊட்டி என்று கிளம்புவது மூன்றாவது ரகம்.

நாங்கள் பரம்பரை பரம்பரையாக இரண்டாவது ரகம்!

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மூன்றாவது ரகத்தையெல்லாம் மலைமேல் கொண்டுபோய் இறக்கிவிட்டதே எங்க அப்பாதான். பஸ் டிரைவர். வத்தலக்குண்டு - கொடைக்கானல் மலைப்பாதையில் 22 வருஷம் சர்வீஸ். ஏப்ரல், மே வந்தால் சீசன். "ஸ்பெஷல் வண்டி விடுறாங்க, ஆள் பத்தலை" என்று லீவே போட மாட்டார். வத்தலக்குண்டு வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மலை தெரியும். வேர்க்குருவைச் சொறிந்துகொண்டே நானும் அக்காவும் அதைப் பார்த்துக்கொண்டிருப்போம். இனிப்புக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு லட்டு கிடையாது என்கிற கதைதான்.

பத்தாம் கிளாஸ் லீவில் ஒரே ஒரு தடவை அப்பா பஸ்ஸில் ஏறிப் போனேன். கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ, ஒரு பன். இருபது நிமிஷம் கழித்து அதே பஸ்ஸில் இறங்கி வந்துவிட்டேன். ஆக, என் கொடைக்கானல் சுற்றுலா மொத்தமே இருபது நிமிஷம்!

காலம் ஓடியது. அப்பா ரிட்டயர் ஆனார். ரெண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் முடிந்தது. "இனிமே ஸ்டியரிங் வேண்டாம்" என்று அவரே சொல்லிவிட்டார். நான் பி.காம். முடித்து, எந்த கம்பெனியிலும் நிலைக்காமல், பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்துக்கொண்டிருக்கிறேன். உங்களை மாதிரி லீவு லெட்டரில் வருஷத்துக்கு ரெண்டு பாட்டியைச் சாகடிக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. போன வருஷம் கையில் கொஞ்சம் காசு சேர, மதுரையில் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினேன். வாங்கிய வேகத்தில் அறிவித்தேன்:

"இந்தக் கோடைக்கு நாம மூணாவது ரகம்!"

நான், மனைவி, ஒன்பது வயது வாண்டு, அம்மா, அப்பா. ஏழு நாள். கொடைக்கானல், வால்பாறை, குன்னூர், ஊட்டி, கோத்தகிரி. திட்டத்தைப் படித்துக் காட்டினேன். அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பிரேக் ஆயில் எப்ப மாத்துனது?"

"அதெல்லாம் பார்த்தாச்சுப்பா" என்றேன். பார்க்கவில்லை.

கூஜாவுக்கு வந்த வாழ்வு!

முன்னே மாதிரி 'தோணிச்சு... கிளம்பிட்டோம்' கதையெல்லாம் இப்போது நடக்காது. ஹைகோர்ட் உத்தரவுப்படி, 2024 மே 7-லிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துவிட்டது. 2025 கோடையில் அதற்கும் ஒரு எண்ணிக்கை வைத்தார்கள். ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வாரக் கடைசியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசு பஸ்ஸில் போனால் இந்த வம்பே கிடையாது. நீங்கள் கிளம்புவதற்கு முன், போகிற மலைக்கு அன்றைய தேதியில் என்ன விதி என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்து தண்ணீர் பாட்டில். ஒரு தடவை குடித்துவிட்டு எறிகிற பிளாஸ்டிக் பாட்டிலுக்கு ரெண்டு மலையிலும் தடை. விஷயத்தைச் சொன்னதும் அம்மா பரணில் ஏறி, தன் கல்யாணச் சீர் பித்தளைக் கூஜாவோடு இறங்கினார். இருபது வருஷமாக "பழைய பாத்திரக்காரனுக்குப் போடுங்க அத்தை" என்று என் மனைவி சொல்லிவந்த அதே கூஜா! செக்போஸ்ட்டில் எங்கள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தவர், கூஜாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு "போங்க" என்றார். அம்மா, மருமகளைப் பார்த்த பார்வை இருக்கிறதே... அதற்கே பெட்ரோல் காசு சரியாகிவிட்டது.

இந்த ரோட்டுக்குப் பேரே 'லாஸ்'!

முன் சீட்டில் அப்பா. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததுமே ஒரு விஷயத்தைக் கவனித்தேன். ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது கால், கீழே கிடந்த ரப்பர் மேட்டை ஓங்கி மிதித்தது. இல்லாத பிரேக்கை மிதிக்கிறார்! கூடவே உதடு அசைகிறது.

"செகண்டு..."

நான் மூணாவது கியரில் முக்கி முனகிக்கொண்டிருப்பேன். கார் குலுங்கும். அப்புறம்தான் செகண்டுக்கு வருவேன்.

"ஹாரன்..."

அடிப்பேன்.

"ஏறுற வண்டி நீ. இறங்குறவன்தான் ஒதுங்கணும். நீ ஏன்டா பள்ளத்துப் பக்கம் ஒதுங்குறே?"

அவர் சொன்னது நியாயம்தான். மலைப்பாதையில் மேலே ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பது சட்டத்திலேயே இருக்கிறது. ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி கிளப்புவது கஷ்டம் என்பதுதான் காரணம். ஆனால் நியாயம் யாருக்கு வேண்டும்? பின் சீட்டில் மனைவி இருக்கிறாள். பத்தாவது "செகண்டு"வில் நான் பொங்கிவிட்டேன்.

"அப்பா... நான்தானே ஓட்டுறேன்? இது பஸ் இல்லப்பா, கார்!"

காருக்குள் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சரிடா" என்றார் அப்பா. அதற்கப்புறம் உதடு அசையவில்லை. கால் மட்டும் மிதித்துக்கொண்டே இருந்தது.

நிலைமையைச் சமாளிக்க மனைவிதான் பேச்சை மாற்றினாள். "மாமா, இந்த ரோட்டுக்குப் பேரு ஏதோ சொல்வாங்களே?"

"லாஸ் காட் ரோடு தாயி."

பி.காம். காது இல்லையா... எனக்கு அது 'நஷ்டச் சாலை' என்றே கேட்டது! விஷயம் அதுவல்ல. மேஜர் லா என்ற வெள்ளைக்கார இன்ஜினீயர் பெயரில் 'லா'ஸ் காட்'. ரோடு வருவதற்கு முந்தி துரைமார்களே பெரியகுளம் பக்கம் கும்பக்கரை வழியாக நடந்தும் டோலியிலும்தான் ஏறியிருக்கிறார்கள். 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து மேலே வீடு கட்டியதுதான் இந்த ஊரின் ஆரம்பம். ஆக, கொடைக்கானலைக் கண்டுபிடித்ததே சம்மர் லீவுதான்!

பெருமாள்மலை நெருங்கியபோது பின் சீட்டில் 'டப்' என்று ஒரு சத்தம். அம்மா "டயரு!" என்று அலறினார். டயர் இல்லை, வாண்டின் சிப்ஸ் பாக்கெட். மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறைந்துகொண்டே போகும். மதுரைக் காற்றோடு அடைத்துக் கிடந்த பாக்கெட் பூசணிக்காயாக உப்பியிருக்கிறது. வாண்டு லேசாக ஒரு அமுக்கு அமுக்கியிருக்கிறான். காது அடைப்பதற்கும் இதே சமாசாரம்தான் காரணம். எச்சில் விழுங்கினால் சரியாகிவிடும். அதற்குத்தான் அம்மா புளிப்பு மிட்டாய் வைத்திருந்தார்.

"இதுக்கு பிரேக் எங்கே?"

கொடைக்கானலில் அப்பாவுக்குத் தெரியாத ஆள் கிடையாது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் வயசான மாஸ்டர் ஒருத்தர், "டிரைவரண்ணே!" என்று கிளாஸை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். எந்தத் திருப்பத்தில் எந்த மாசம் பனி இறங்கும், எந்த மேட்டில் மழைக்கு மண் சரியும், எந்தக் கடையில் பழம் பச்சையாக இருக்கும்... எல்லாம் அப்பாவுக்கு அத்துப்படி.

"ஏரி எந்தப் பக்கம்ப்பா?" என்றேன்.

"அங்கிட்டுப் போகணும்னு நினைக்கிறேன்..." என்று இழுத்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. 22 வருஷம். தினம் ரெண்டு நடை. அவர் பார்த்த கொடைக்கானல் என்பது பஸ் ஸ்டாண்டு, டீக்கடை, ராத்திரி தங்கல் விழுந்தால் படுக்கிற அறை. அவ்வளவுதான். தூண் பாறை பார்த்ததில்லை. பிரையன்ட் பூங்காவுக்குள் போனதில்லை. ஏரியைப் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்ததோடு சரி.

அந்த ஏரியே மனுஷன் கட்டியதுதான். 1863-ல், மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை ஓடையை மறித்துக் கட்டிய ஏரி. போட்டில் ஏறச் சொன்னோம். மாட்டேன் என்றார். வாண்டு கையைப் பிடித்து இழுத்ததும் ஏறினார். ரெண்டு கையாலும் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், நடு ஏரியில் துடுப்புப் போடுகிறவரிடம் கேட்டார்:

"தம்பி... இதுக்கு பிரேக் எங்கே?"

போட்டே குலுங்கும்படி சிரித்தோம். அப்பாவும் சிரித்தார். ஆனால் கால்? அங்கேயும் போட்டின் அடிப்பலகையை மிதித்துக்கொண்டுதான் இருந்தது!

மறுநாள் குணா குகை. 1991-ல் கமல் படம் வந்து அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. அதற்கு முந்தி அது 'சாத்தானின் சமையலறை'. 2024-ல் மலையாளப் படம் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' ஓடு ஓடென்று ஓடியதில் மறுபடி கூட்டம். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஆளாளுக்கு மொபைலைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா மட்டும் வேலியைத் தொட்டுப் பார்த்தார். "இது எதுக்குப் போட்டிருக்கான்னு தெரிஞ்சவன் இந்தப் பக்கமே நின்னுக்குவான்" என்றார். குறிஞ்சி பூக்குமா என்று மனைவி கேட்டாள். 2018-ல் பூத்தாச்சு. பன்னிரண்டு வருஷக் கணக்குப்படி அடுத்தது 2030. "அதுக்கும் வருவோம்" என்றார் அம்மா. அப்பா பதில் சொல்லாமல் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிர்ஷ்டத்தைத் திறமை கணக்கில் எழுதினேன்

மூன்றாம் நாள் பழனி வழியாக இறங்கினோம். முன்னால் ஒரு பஸ், செகண்ட் கியரில் உறுமிக்கொண்டே போனது. ஓவர்டேக் பண்ண இடமில்லை. வேறு வழியில்லாமல் நானும் செகண்டில் பின்னாலேயே உருண்டேன். பஞ்சாமிர்தம் வாங்கிக்கொண்டு, உடுமலைப்பேட்டை வழியாகப் பொள்ளாச்சி.

நாலாம் நாள் வால்பாறை. ஆழியாறு அணையைத் தாண்டியதும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட பலகை. வாண்டு கணக்குப் பார்த்துக்கொண்டே வந்தான். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ. அங்கே நின்றால் ஆழியாறு அணை காலடியில் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி கிடக்கிறது. நம்ம மாநில விலங்கு வரையாடு ஒன்று, தடுப்புச் சுவரில் நின்றுகொண்டு எங்களை அலட்சியமாகப் பார்த்தது. செங்குத்துப் பாறையில் அது ஏறுவதைவிட இறங்குவதைத்தான் அப்பா உற்றுப் பார்த்தார். "பாரு, ஒவ்வொரு காலா வைக்குது. அவசரப்படலை." எனக்குச் சொன்னாரா, ஆட்டுக்குச் சொன்னாரா... தெரியவில்லை!

மேலே போனால் கண்ணுக்கு எட்டிய மட்டும் தேயிலை. புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள். ரோட்டோரமாக, யானை நடமாட்டம் இருந்தால் எரிகிற சிவப்பு விளக்குகள். யானைக்கே சிக்னல் வைத்திருக்கிற ஊரில், நம்ம ஊர் பைக்காரர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. இறங்கும்போது நல்ல மூடுபனி. தேயிலை மூட்டை ஏற்றிய லாரி ஒன்று முன்னால் ஊர்ந்தது. அதன் சிவப்பு லைட்டைப் பிடித்துக்கொண்டே கீழே வந்து சேர்ந்தோம்.

ரெண்டு மலை இறங்கியாச்சு. ஒரு கீறல் இல்லை. "நமக்கு மலை டிரைவிங் நல்லா வருது!" என்று மனசுக்குள் ஒரு காலர் தூக்கல். பஸ்ஸும் லாரியும் போட்ட பிச்சையை, கணக்கு படித்த நானே 'திறமை' தலைப்பில் வரவு வைத்துவிட்டேன்!

ஐந்தாம் நாள் மேட்டுப்பாளையம், கல்லாறு, பர்லியார் வழியாகக் குன்னூர். அங்கே ஸ்டேஷனில் ஊட்டி ரயில் நின்றிருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைக்கும் 1899-லும், ஊட்டி வரைக்கும் 1908-லும் ஓட ஆரம்பித்த ரயில். 46 கிலோமீட்டர். 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். கல்லாறு - குன்னூர் நடுவே, பன்னிரண்டரை அடி போனால் ஓர் அடி ஏறுகிற செங்குத்து. தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த கம்பி, அதைக் கவ்வுகிற சக்கரம்.

எல்லோரும் ரயிலோடு போட்டோ எடுத்தார்கள். அப்பா மட்டும் ஒவ்வொரு பெட்டியாகப் போய் முகப்பில் என்னத்தையோ பார்த்துவிட்டு, வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார்.

"டேய், இன்ஜின் எப்பவும் பள்ளத்துப் பக்கம்தான் இருக்குமாம். ஏறும்போது பின்னாடி இருந்து தள்ளும். இறங்கும்போது முன்னாடி இருந்து தாங்கும். அதுவும் போதாதுன்னு, பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன்டா! நூறு வருஷத்துக்கு முந்தியே யோசிச்சிருக்கான் பாரு. ஏறுறதைப் பத்தி இல்லடா... இறங்குறதைப் பத்தி!"

சிம்ஸ் பூங்கா, ஊட்டி தாவரவியல் பூங்கா, தொட்டபெட்டா, வர்க்கி... எல்லாம் பார்த்தோம், தின்றோம். ஆனால் ஊட்டியிலும் அப்பா அந்த பிரேக்ஸ்மேனைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருந்தார்.

"அப்பா..."

ஏழாம் நாள். சீசனில் ஊட்டிக்கு ஏறுகிறவர்கள் குன்னூர் வழி, இறங்குகிறவர்கள் கோத்தகிரி வழி என்று போலீஸ் பிரித்துவிடுகிறது. நாங்களும் கோத்தகிரி வந்தோம். கண்ணேரிமுக்கில் சலிவன் துரையின் பங்களாவைப் பார்த்தோம். கோயமுத்தூர் கலெக்டராக இருந்து, 1819-ல் நீலகிரிக்கு ஏறி, பின்னாளில் ஊட்டியை உருவாக்கியவர். பார்த்துவிட்டு மேட்டுப்பாளையம் நோக்கி இறங்கினேன்.

முன்னால் பஸ் இல்லை. லாரி இல்லை. பனி இல்லை. பளபளவென்று ரோடு. விடுவேனா? நாலாவது கியர். வளைவு வந்தால் பிரேக். நேராக வந்தால் விடு. மறுபடி பிரேக்.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போயிருக்கும். மனைவி மூக்கைச் சுளித்தாள். "ஏங்க, ஏதோ ரப்பர் கருகுற வாசனை வரலை?"

"டீ ஃபாக்டரியா இருக்கும்" என்றேன்.

அப்பா என் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். முதல் நாள் நான் போட்ட பூட்டு!

அடுத்த வளைவில் பிரேக் பெடல் கொஞ்சம் கூடுதலாக உள்ளே போனது. அதற்கடுத்த வளைவில் பஞ்சு மூட்டையை மிதித்த மாதிரி இருந்தது. அதற்கும் அடுத்த வளைவில், மிதித்தேன்... பெடல் தரையைத் தொட்டது. வண்டி நிற்கவில்லை. கீழே, நூறடி தள்ளி, ஒரு பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது.

"அப்பா..." என்றேன்.

ஏழு நாளில் நானாக அவரைத் துணைக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"பதறாத." அந்தக் குரலை நான் வீட்டில் கேட்டதே இல்லை. சத்தமும் இல்லை, அவசரமும் இல்லை. "பெடலை விட்டு விட்டு மிதி. கியரைத் தேர்டுக்குத் தள்ளு. கிளச்சை மெதுவா விடு... ம். ஹாரனை அடி. கையை எடுக்காம அடி. இப்ப செகண்டு."

இன்ஜின் அலறியது.

"கத்தட்டும் விடு. அது கத்துனாத்தான் நாம பொழைப்போம். ஹேண்ட் பிரேக் பட்டனை அமுக்கிக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா தூக்கு. ஒரேயடியா இழுத்துராத."

ஏறுகிற பஸ் டிரைவருக்கு எங்கள் நிலைமை புரிந்திருக்க வேண்டும். முன்னுரிமை அவருடையது. ஆனால் மலைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, எங்களுக்கு வழி விட்டார். தாண்டியதும் இடது பக்கம் ரோடு கொஞ்சம் அகலம். "அங்க... மலையைப் பார்த்துத் திருப்பு. முதல் கியர்." வண்டி ஒரு குலுக்கலோடு நின்றது. மனைவி இறங்கி ஓடிப்போய்ப் பெரிய கல்லாக எடுத்து டயருக்கு அண்டை கொடுத்தாள். வாண்டும் தன் பங்குக்கு ஒரு கூழாங்கல் கொண்டுவந்து வைத்தான்.

என் கை நடுங்கியது. நான் கூஜாவை எடுத்துச் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றப் போனேன். அப்பா பிடுங்கிக்கொண்டார். "சூட்டுல ஊத்துனா தகடு வளைஞ்சு போகும். அதுவா ஆறட்டும்." அந்தத் தண்ணீரை என்னைக் குடிக்க வைத்தார்.

ஐம்பது லிட்டர் வெந்நீர்

முக்கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அப்பா சொன்னதை என் பாஷையில் சொன்னால், இது சாதாரண ரெட்டைப் பதிவுக் கணக்கு. பற்று ஒன்று இருந்தால் வரவு ஒன்று இருந்தே தீரணும். கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயர வித்தியாசம். ஏறும்போது பெட்ரோல் எரித்துச் சம்பாதித்த உயரம் அது. இறங்கும்போது அத்தனையும் எங்கேயாவது சூடாகக் கழிந்தாக வேண்டும். அஞ்சு பேர் உட்கார்ந்த கார் என்றால், அந்தச் சூட்டில் ஐம்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம்! இன்ஜினும் காற்றும் அதில் பாதியைத் தாங்கினால் பிரேக்குக்கு வேலை குறைவு. நான் நாலாவது கியரில் இன்ஜினுக்கு ரெஸ்ட் கொடுத்துவிட்டு, அண்டா வெந்நீரையும் நாலு சக்கரத்தில் காய்ச்சியிருக்கிறேன். பிரேக் ஆயில் பழசானால் ஈரம் இழுத்துவைத்திருக்கும். சூட்டில் அது கொதித்துக் குமிழி விடும். அப்புறம் பெடலை மிதித்தால், மிதிபடுவது ஆயில் அல்ல, ஆவி. 'பிரேக் ஆயில் எப்ப மாத்துனது?' என்று கிளம்பும் முன்பே கேட்டாரே... அதற்கு அர்த்தம் இதுதான்.

மூன்றாவது ரக நண்பர்களே, உங்களுக்காக அப்பா சொன்னதை அங்கேயே குறித்துக்கொண்டேன்:

* எந்த கியரில் ஏறினியோ, அதே கியரில் இறங்கு.

* பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடாதே, இன்ஜினை அணைக்காதே. அணைத்தால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும்.

* பிரேக்கில் காலை ஊற வைக்காதே. அழுத்தி, வேகத்தைக் குறை. உடனே விடு.

* ஏறுகிற வண்டிக்கு வழி விடு. வளைவில் ஓவர்டேக் பண்ணாதே.

* கருகல் வாசனை வந்தால் டீ ஃபாக்டரி மேல் பழி போடாதே. நிறுத்து!

* பிரேக் ஆயிலை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாற்று. மலைக்குக் கிளம்பும் முன் கட்டாயம் பார்.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே அப்பா சொன்னார்: "எனக்கும் ஒரு தடவை இப்படி ஆச்சு. டம் டம் பாறைக்குக் கீழே. வண்டி நிறைய ஆளு. பிரேக் பிடிக்கலை. மலைப் பக்கமா உரசி உரசி நிப்பாட்டினேன். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை."

அம்மா நிமிர்ந்து பார்த்தார். "எப்ப?"

"இவன் அஞ்சாப்பு படிக்கையில."

"ஏங்க... ஒரு நா ராத்திரி வயிறு சரியில்லைன்னு சாப்பிடாம படுத்தீங்களே... விடிய விடிய முழிச்சுக் கிடந்தீங்களே... அதுவா?"

அப்பா தலையாட்டினார்.

"மறுநா காலையில டூட்டிக்குப் போனீங்களேங்க!"

"அன்னைக்குப் போகலைன்னா அப்புறம் என்னைக்குமே போயிருக்க மாட்டேன்ல?"

அம்மா கூஜாவைத் திறந்து, அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். கை லேசாக ஆடியது. இத்தனை வருஷமும் "லீவு போட மாட்டேங்கிறாரு, பிள்ளைங்களை எங்கேயும் கூட்டிட்டுப் போக மாட்டேங்கிறாரு" என்று குறை சொன்னவர்களில் முதல் ஆள் நான்தான். மொட்டை மாடியில் நின்று நாங்கள் வேடிக்கை பார்த்த அதே மலையில், தினம் ஐம்பது உயிரை ஏற்றி இறக்கியிருக்கிறார். லீவில் அங்கேயே பிக்னிக் போக அவருக்கு எப்படி மனசு வரும்?

வாண்டுக்கு வேறொரு சந்தேகம். "தாத்தா, எப்பவும் காலால மிதிச்சுக்கிட்டே வருவீங்க. பிரேக் போனப்ப மட்டும் மிதிக்கவே இல்லையே... நான் பார்த்தேன்!"

அப்பா யோசித்துவிட்டுச் சொன்னார்: "சும்மா உட்கார்ந்திருந்தாத்தான்டா காலு மிதிக்கும். வேலை வந்துட்டா, அதுபாட்டுக்குச் சும்மா இருக்கும்."

வண்டி ஆறியது. பெடல் பழையபடி கெட்டியானது. சாவியை எடுத்து அவரிடம் நீட்டினேன். "நீங்களே ஓட்டுங்கப்பா."

"கண்ணு சரியில்லைன்னு நானே விட்டது. அஞ்சு உசுரை வச்சுக்கிட்டு ஆசைக்கு ஓட்டக் கூடாது. நீயே ஓட்டு" என்றவர், கொஞ்சம் தயங்கி, "நான் சொல்லட்டா... வேணாமா?" என்று கேட்டார்.

"சொல்லுங்கப்பா."

மேட்டுப்பாளையம் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். "செகண்டு... ஹாரன்... விடு, அவன் போகட்டும்... செகண்டு..." அவ்வளவு சுகமான பாட்டை நான் எந்தக் காரிலும் கேட்டதில்லை.

மேட்டுப்பாளையத்தில் ஒரு மெக்கானிக், பிரேக் பேடை மாற்றி, ஆயிலையும் மாற்றினார். பழைய ஆயில் வரக்காப்பி நிறத்தில் வழிந்தது. வேலையை முடித்துவிட்டு முன் சீட்டுக்குக் கீழே பார்த்தவர் கேட்டார்:

"என்ன சார், டிரைவர் பக்கத்து மேட் புதுசா இருக்கு. இந்தப் பக்கத்து மேட் ஓட்டையாயிருக்கு? வேற மேட் இருக்கு, மாத்திரட்டுமா?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வேண்டாங்க" என்றேன். "அதுதான் எங்க வண்டிக்கு ரெண்டாவது பிரேக்!"